பச்சைக்காய், சந்தை, அவரவர் ருசி: சாலட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சமைப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே காய் விலைக்கு வந்துவிடும். அங்கிருந்து "நேத்து ராத்திரி என்ன செஞ்சீங்க", "எங்க வீட்ல பச்சையா ஒண்ணும் தொட மாட்டாங்க" என்று போகும். அப்படிப் பேசும்போது சாலட் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாலட்டில் பாதி வேலை காய் வாங்கும்போதே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி, சாப்பிடப் போகிறவர் யார் என்று தெரிந்து கலப்பது.

சாலட் நம்ம ஊர்ச் சாப்பாடா? வெளியிலிருந்து வந்ததுதானே?

பெயர் வெளியிலிருந்து வந்தது. பச்சைக்காயில் உப்பும் புளிப்பும் சேர்த்துச் சாப்பிடுவது இங்கே ரொம்ப நாளாக இருக்கிறது. ராமநவமிக்கு ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரி, மாங்காய், தேங்காய் சேர்த்து, பானகத்தோடும் நீர்மோரோடும் கொடுப்பார்களே, அது முழுமையான ஒரு சாலட். சில வீடுகளில் அதை வடைப்பருப்பு என்பார்கள், சில வீடுகளில் கோசுமல்லி. பிரியாணிக்குத் தயிர் வெங்காயம், மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், பஸ் நிலையத்தில் நீளமாகக் கீறி மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிப்பிஞ்சு எல்லாமே இந்த வகைதான். யாழ்ப்பாணத்து வீடுகளில் வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ (அங்கே தேங்காய்த்துருவலுக்கு அதுதான் பெயர்), சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிந்து சம்பல் செய்வார்கள். இலைக் கலவை என்று பார்த்தால் எனக்குத் தெரிந்ததில் அதுதான் சிறந்தது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் பச்சடியும் சம்பலும் சோற்றோடு ஒரு கரண்டி வைத்துக்கொள்வதற்காக உருவானவை. இப்போது பலர் ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட விரும்புகிறார்கள். ஒரு கரண்டிக்குப் போடும் உப்பும் காரமும் ஒரு கிண்ணத்துக்குத் தாங்காது. அளவைக் கூட்டும்போது உப்பு, மிளகாய், எலுமிச்சை மூன்றையும் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள். "பச்சடி நல்லாத்தான் இருக்கும், சாலட்டா சாப்பிட்டா திகட்டுது" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் சிக்கல்.

காய் எங்கே வாங்குவது நல்லது? சந்தையா, தள்ளுவண்டியா, சூப்பர் மார்க்கெட்டா?

பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அதற்குத்தான் என் ஓட்டு. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவரே அடையாள அட்டையோடு வந்து உட்கார்ந்து விற்கிறார், நடுவில் தரகர் இல்லை, அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். சாலட்டுக்கு அங்கே போவதற்கு விலையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. முந்தின நாள் மாலையோ அன்று விடியற்காலையிலோ பறித்த காய் கிடைக்கும். குழம்பில் போடும் கத்தரிக்காய் இரண்டு நாள் பழையதாக இருந்தால் புளியும் மசாலாவும் மறைத்துவிடும். பச்சையாகச் சாப்பிடும் வெள்ளரியில் எதையும் மறைக்க முடியாது. காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் மிச்சம்தான் இருக்கும்.

தள்ளுவண்டிக்காரரையும் கீரை கொண்டுவரும் அம்மாவையும் குறைத்து நினைக்க வேண்டாம். தினமும் வருகிறவர் என்பதால் "நாளைக்குப் பிஞ்சு வெள்ளரி அரை கிலோ எடுத்து வைங்கண்ணா" என்று சொல்லி வைக்கலாம். சாலட்டுக்கு என்று தெரிந்தால் அவரே பொறுக்கிக் கொடுப்பார். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக வேறு கிடைக்கும். அந்த இரண்டு கொத்துதான் பல நாள் எங்கள் வீட்டுச் சாலட்டுக்கு மணம்.

சூப்பர் மார்க்கெட்டில் லெட்யூஸ், சிவப்பு முட்டைக்கோஸ், மஞ்சள் குடைமிளகாய் போன்றவற்றை வாங்கலாம். அங்கே குளிரூட்டி வைப்பதால் இலைகள் வாடாமல் இருக்கும். ஆனால் நறுக்கி டப்பாவில் அடைத்து விற்கும் கலவையை நான் வாங்குவதில்லை. வெட்டிய பக்கத்திலிருந்து காய் நீர் இழக்க ஆரம்பித்துவிடும், எப்போது வெட்டினார்கள், எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

மொத்தச் சந்தைக்குப் போக முடிந்தவர்கள், அதாவது சென்னையில் கோயம்பேடு, திண்டுக்கல் பக்கம் ஒட்டன்சத்திரம், மலைக்காய்களுக்கு மேட்டுப்பாளையம், நாலு குடும்பமாகச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால்தான் பயன். பச்சைக்காய் அதிகம் வாங்கி வைத்தால் வீணாகும்.

ஒவ்வொரு காயையும் எப்படிப் பார்த்து வாங்குவது?

வெள்ளரி: கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், இரண்டு முனையும் கல் போல இருக்க வேண்டும். நுனி மெத்தென்று அமுங்கினால் வைத்துவிடுங்கள். வயிற்றுப் பக்கம் மஞ்சள் ஏறியிருந்தால் உள்ளே விதை முற்றியிருக்கும். சாலட்டுக்கு எப்போதும் பிஞ்சுதான். முற்றியது கூட்டுக்கு நன்றாக இருக்கும்.

கேரட்: ஊட்டிக் கேரட் பளபளவென்று வருவதற்குக் காரணம், நீலகிரியிலேயே இயந்திரத்தில் கழுவி அனுப்புகிறார்கள். பார்க்க அழகு, ஆனால் மேல் தோல் உரசப்பட்டிருப்பதால் சீக்கிரம் வழவழப்பாகும். இரண்டு மூன்று நாளில் தீர்க்கும் அளவு வாங்குங்கள். நடுத்தண்டு தடித்த பெரிய கேரட்டைவிட நடுத்தர அளவு இனிப்பாக இருக்கும். குளிர்காலத்தில் சில கடைகளில் வடக்கிலிருந்து வரும் சிவப்புக் கேரட் கிடைக்கும். அதில் சாறும் இனிப்பும் அதிகம், துருவி எலுமிச்சை மட்டும் பிழிந்தால் போதும்.

தக்காளி: இங்கே இரண்டு கட்சி உண்டு. புளிப்பு வேண்டும் என்பவர்கள் நாட்டுத் தக்காளி பக்கம். வெட்டினால் துண்டு நிற்க வேண்டும் என்பவர்கள் ஹைப்ரிட் பக்கம், சென்னையில் சிலர் பெங்களூர்த் தக்காளி என்பார்கள். சாலட்டைப் பொறுத்தவரை நான் இரண்டாவது கட்சி. தோல் தடிமன், சாறு குறைவு, கிண்ணம் குளமாகாது. ஆனால் தயிர்ப்பச்சடிக்கு நாட்டுத் தக்காளியின் புளிப்பை வேறெதுவும் தராது. எதை வாங்கினாலும் பழுக்காததை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே குளிரில் கிடந்தால் தக்காளியில் மணம் உருவாகும் வேலை நின்றுபோகிறது. பழுத்தபின் வேண்டுமானால் ஓரிரு நாள் வைக்கலாம், சாப்பிடும் முன் வெளியே எடுத்துவிடுங்கள்.

முட்டைக்கோஸ்: சின்னதாக, இறுக்கமாக, தூக்கினால் கனமாக இருக்க வேண்டும்.

மாங்காய்: கிளிமூக்கு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். மொறுமொறுப்பு, அளவான புளிப்பு.

குடைமிளகாய்: பச்சையாக இருப்பது காய், செடியிலேயே விட்டுப் பழுத்தால் சிவப்போ மஞ்சளோ ஆகும். கூடுதல் நாள் செடியில் நிற்பதால்தான் அந்த விலை, அதனால்தான் அந்த இனிப்பும். பச்சைக் குடைமிளகாயின் லேசான கசப்பு பிடிக்காதவர்கள் பாதி சிவப்பு வாங்கினாலே போதும்.

விலை ஏறும் நாட்களில் என்ன செய்வது?

எது மலிவோ அதுதான் அன்றைய சாலட். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்க வேண்டிவந்தது. அந்த மாதத்தில் தக்காளி இல்லாமல் சாலட்டே இல்லை என்று நினைத்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். புளிப்புக்கு மாங்காய், நெல்லிக்காய், எலுமிச்சை, கெட்டித்தயிர் என்று எத்தனை வழி இருக்கிறது. நிறத்துக்குப் பீட்ரூட், மாதுளை.

பொதுவாக முகூர்த்த நாட்களை ஒட்டியும், ஐப்பசி கார்த்திகை மழையில் வரத்து குறையும்போதும் விலை ஏறும். அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுப்பவை முள்ளங்கி, வாழைத்தண்டு, பப்பாளிக்காய், வெண்பூசணி. வாழைத்தண்டை மெல்லிய வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வட்டத்துக்கும் இடையில் வரும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, பொடியாக அரிந்து மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. பிழிந்து, ஊறவைத்த பாசிப்பருப்பும் எலுமிச்சையும் சேர்த்தால் விருந்தாளிக்கே வைக்கலாம். வெண்பூசணியைத் துருவிக் கெட்டித்தயிரில் கலந்து கடுகு தாளித்தால், வெள்ளரி இல்லையே என்ற குறை தெரியாது.

வெள்ளரி கசக்கிறது. முனையை வெட்டித் தேய்த்தால் போகுமா?

குக்குர்பிட்டசின் என்ற பொருள்தான் அந்தக் கசப்பு. காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும் அது அதிகம் சேர்கிறது. செடிக்குத் தண்ணீர் போதாமலோ வெயில் கடுமையாகவோ இருந்தால் கூடும். காம்புப் பக்கம் ஒரு அங்குலம் தாராளமாக வெட்டி எறிந்து, தோலைக் கொஞ்சம் ஆழமாகச் சீவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேய்ப்பதைவிட வெட்டி எறிவதுதான் பலன் தருகிறது. அதற்கப்புறமும் கசந்தால் அந்தக் காயைச் சாப்பிட வேண்டாம். கடுமையாகக் கசக்கும் வெள்ளரியும் சுரைக்காயும் வயிற்றுக்குக் கெடுதல். ஒரு காயை நறுக்கியதும் நுனியில் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதோடு கலப்பது நல்ல பழக்கம்.

முட்டைக்கோஸைப் பச்சையாகச் சாப்பிட்டால் மூளைக்குப் புழு போகும் என்கிறார்களே?

இந்தப் பயத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போய் மூளையில் கட்டியாகி வலிப்பு வருவது உண்மையான நோய், இந்தியாவில் வலிப்புக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆனால் அந்தப் புழு முட்டைக்கோஸுக்குள் பிறப்பதில்லை. மனிதக் கழிவு கலந்த தண்ணீரோ மண்ணோ பட்ட எந்தக் காயிலும் கீரையிலும் அந்த முட்டை ஒட்டியிருக்கலாம். முட்டைக்கோஸில் அடுக்கடுக்காக இலை இருப்பதால் கழுவுவது கடினம், அதனால் பழி அதன்மேல் விழுந்தது.

செய்ய வேண்டியது இதுதான். மேலே இருக்கும் இரண்டு மூன்று இலைகளை எறிந்துவிடுங்கள். மீதியை முழுதாகக் கழுவாமல் இலை இலையாகப் பிரித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் சின்னப் பூச்சிகள் வெளியே வரும், அது நல்லதுதான், ஆனால் கிருமி சாகாது. உண்மையான வேலையைச் செய்வது ஓடும் தண்ணீரும் தேய்ப்பும்தான். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் கொதிக்கும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். கொஞ்சம் கடிபடும், பயமும் போகும். மழைக்காலத்தில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

புதினாவும் கொத்தமல்லியும் மண்ணோடு வருவதால் அவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். வேரை வெட்டிவிட்டு, அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, இலையைத் தூக்கி எடுங்கள். தண்ணீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேல் வந்துவிடும்.

முளைகட்டிய பயறைப் பச்சையாகப் போடலாமா?

ஆவியில் ஐந்து நிமிடம் வைத்துப் போடுங்கள். பயறு முளைவிடத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் ஏற்றவை. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலி என்ற கிருமியின் தொற்றில் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் பச்சை முளைப்பயறு சாப்பிடவே வேண்டாம். ஆவியில் வைத்தால் பச்சை வாடையும் போகும், எலுமிச்சையும் உப்பும் நன்றாகப் பிடிக்கும். ருசியைப் பார்த்தாலும் அதுதான் மேல்.

கலந்து பத்து நிமிடத்தில் தண்ணீர் விட்டுவிடுகிறது. ஏன்?

உப்பு. வெட்டிய காயில் உப்புப் பட்டதும் உள்ளே இருக்கும் நீர் வெளியே வரும். வெள்ளரி கிட்டத்தட்ட 95 சதவீதம் தண்ணீர்தான், அதனால் அதில்தான் அதிகம் தெரியும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எல்லாவற்றையும் நறுக்கிக் கலந்து வைத்துவிட்டு, தட்டு போட்டபின் உப்பும் எலுமிச்சையும் சேர்ப்பது. இன்னொன்று, முதலிலேயே உப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் வைத்து, வடிந்த நீரைப் பிழிந்துவிட்டுக் கலப்பது. தயிர்ப்பச்சடிக்கு இரண்டாவதுதான் சரி, இல்லையென்றால் தயிர் மோராகிவிடும். முள்ளங்கிக்கும் இதுவே வழி, நீரோடு சேர்ந்து அதன் காரமும் குறையும். பிழிந்த நீரைக் கொட்டாதீர்கள். சீரகப்பொடி போட்டு மோரில் கலந்து குடிக்கலாம்.

பச்சை வெங்காயம் ஆசைதான், ஆனால் காரம் தாங்கவில்லை.

நறுக்கிய வெங்காயத்தைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வடித்தால் காரமான கந்தகப் பொருள்கள் பெருமளவு போய்விடும், மொறுமொறுப்பு அப்படியே இருக்கும். அப்புறம் எலுமிச்சையோ வினிகரோ பிழிந்து வைத்தால் இளஞ்சிவப்பாக மாறி இனிக்கும். சின்ன வெங்காயத்துக்கு இது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதன் காரத்துக்காகத்தானே அதைப் போடுகிறோம், அளவைக் குறைத்துக்கொண்டால் போதும்.

கொத்தமல்லி போட்டால் என் மருமகள் சோப்பு வாடை என்கிறாள். சும்மா சொல்கிறாளா?

இல்லை அம்மா, அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் தெரிகிறது. கொத்தமல்லியின் மணத்தில் ஆல்டிஹைடு வகைப் பொருள்கள் இருக்கின்றன, அதே வகை சோப்பிலும் உண்டு. மணத்தை உணரும் ஒரு மரபணுவில் இருக்கும் சின்ன வேறுபாட்டுக்கும் இந்தச் சோப்பு வாடைக்கும் தொடர்பு உண்டு என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. கசப்பிலும் இப்படி உண்டு. சிலர் நாக்கு முட்டைக்கோஸிலும் முள்ளங்கியிலும் மற்றவர்களைவிட அதிகக் கசப்பை உணரும், அதுவும் பிறவியிலேயே அமைவது.

இதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் பாதி மனக்கசப்பு குறையும் என்று நம்புகிறேன். "எல்லாரும் சாப்பிடறாங்க, உனக்கு மட்டும் என்ன" என்று கேட்பதில் நியாயமே இல்லை. அவளுக்குப் புதினாவோ பொடியாக அரிந்த கறிவேப்பிலையோ போட்டுக் கொடுங்கள். கொத்தமல்லியைக் கசக்கினாலோ அரைத்தாலோ அந்த வாடை குறையும், சிலருக்குச் சட்னியாக அரைத்தால் பிரச்சினை இருப்பதில்லை. அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் ஐந்து பேர், ஐந்து ருசி. ஒரே சாலட்டை எப்படிச் செய்வது?

ஒரே சாலட்டாகச் செய்யாதீர்கள். இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, இதற்குத்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

எல்லாருக்கும் ஒத்துவரும் அடிப்படை ஒன்று பெரிய பாத்திரத்தில் இருக்கட்டும். பெரும்பாலான வீடுகளில் அது வெள்ளரியும் கேரட்டும். கூடவே நாலைந்து சின்னக் கிண்ணங்கள்: ஊறவைத்த பாசிப்பருப்பு அல்லது வெந்த கொண்டைக்கடலை, ஊறிய வெங்காயம், தேங்காய்த்துருவல், வறுத்த வேர்க்கடலை, மாதுளை. உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சைத் துண்டு மேசையில். அவரவர் எடுத்துக் கலந்துகொள்ளட்டும். சமைப்பவருக்கு வேலை கூடுவதில்லை, எப்படியும் இதெல்லாம் நறுக்கத்தானே போகிறோம்.

பல்லில் சிக்கல் இருக்கும் பெரியவர்களுக்குத் துருவியது, தயிரில் ஊறியது. மாமனாருக்குத் துண்டு துண்டாக வைத்து, அவர் இரண்டு துண்டோடு நிறுத்தினால் அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதே காயைச் சன்னமாகத் துருவித் தயிரில் போட்டால் ஒரு கிண்ணம் சாப்பிடுவார். காரம் கேட்கிறவர்களுக்குப் பச்சை மிளகாயை எண்ணெயில் கீறித் தாளித்துத் தனியாக வையுங்கள். இனிப்பு நாக்குக்காரர்களுக்கு ஒரு கைப்பிடி திராட்சையோ, பொடியாக வெட்டிய பேரீச்சையோ. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைப்பவர்களுக்கு எலுமிச்சையும் வறுத்த சீரகப்பொடியும் உப்பின் இடத்தைப் பெருமளவு நிரப்பும்.

சிலருக்குப் பச்சைக்காயே பிடிக்காது. அவர்களை விட்டுவிடுங்கள். பொரியலிலும் கூட்டிலும் அவர்கள் காய் சாப்பிடுகிறார்கள் என்றால் குறை ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராமாவது சாப்பிட உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை.

எண்ணெயே இல்லாமல் செய்தால் உடம்புக்கு நல்லதுதானே?

கொஞ்சம் எண்ணெய் வேண்டும். கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினாலோ, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த்துருவலும் வேர்க்கடலையும் போட்டாலோ போதும். மாங்காய் சேரும் சாலட்டில் பச்சை நல்லெண்ணெய் அரைக் கரண்டி விட்டுப் பாருங்கள், ஆவக்காய் மணம் வரும். தயிரில் சேர்ப்பதானால் தாளிப்பை ஆறவிட்டுக் கொட்டுங்கள்.

மயோனைஸ் கேட்கிறார்கள் பிள்ளைகள்.

பச்சை முட்டையில் செய்த மயோனைஸை வீட்டிலும் தவிர்த்துவிடுங்கள். நம் வெயிலில் அது வெளியே கொஞ்ச நேரம் இருந்தாலே சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகிவிடும். அதனால்தான் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டது.

பிள்ளைகள் தேடுவது அந்தக் கெட்டியான, வழவழப்பான புளிப்பைத்தான். கெட்டித்தயிரை மெல்லிய துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் வடியவிடுங்கள். அதில் உப்பு, மிளகு, துளி பூண்டு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து அடித்தால் அதே நிறைவு கிடைக்கும். வேர்க்கடலையை ஊறவைத்து எலுமிச்சை, பச்சை மிளகாயோடு மைய அரைத்தாலும் அருமை. எங்கள் வீட்டில் இந்த வேர்க்கடலை விழுதுக்குத்தான் போட்டி.

லெட்யூஸ், ப்ராக்கோலி, அவகாடோ எல்லாம் அவசியமா?

அவசியம் இல்லை. பிடித்தால் வாங்குங்கள். நீலகிரியில் லெட்யூஸும் ப்ராக்கோலியும் விளைகின்றன, அவை வெளிநாட்டிலிருந்து வருகின்றன என்று தயங்க வேண்டியதில்லை. அவகாடோவும் அப்படித்தான், கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காலங்காலமாக இருக்கும் மரம். மலையிலிருந்து வரும் வியாபாரிகளிடம் பட்டர் ஃப்ரூட் என்று கேட்டால் நகரத்துக் கடைகளைவிடக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அழுத்தினால் லேசாக இறங்க வேண்டும். கல்லாக இருந்தால் அரிசி டப்பாவில் இரண்டு மூன்று நாள் வையுங்கள்.

சத்துக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் முருங்கைக்கீரைக்கும் நெல்லிக்காய்க்கும் முன்னால் லெட்யூஸ் நிற்காது. மொறுமொறுப்புக்கு லெட்யூஸ், அவ்வளவுதான்.

பையன் பச்சைக் காயைத் தொடவே மாட்டான்.

பழக்கமில்லாத ருசியைக் குழந்தைகள் ஏற்கப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு துண்டு தட்டில் வையுங்கள், சாப்பிடச் சொல்லாதீர்கள், நீங்கள் சாப்பிடுங்கள். இனிப்பான காயில் தொடங்குவது நல்லது: கேரட் குச்சி, பிஞ்சு வெள்ளரி, வேகவைத்த இனிப்புச் சோளம். சந்தைக்குக் கூட்டிப்போய் அவனையே பொறுக்கச் சொல்லுங்கள். தான் எடுத்து வந்த காயை அவன் ஒரு கடியாவது கடிப்பான். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் பச்சைக் கேரட்டைத் துண்டாகக் கொடுக்காமல் துருவிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும். முழு வேர்க்கடலையும் அந்த வயதில் வேண்டாம்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சாலட் மட்டும் போதுமா?

வெறும் காய் என்றால் பத்து மணிக்குப் பசித்து பிஸ்கட் டப்பாவைத் திறப்பீர்கள். பருப்பு வகை ஏதாவது ஒரு கப், முட்டையோ பன்னீரோ கொஞ்சம், வேர்க்கடலை ஒரு பிடி சேர்த்தால் பசி தாங்கும். கொண்டைக்கடலையைக் காலையிலேயே ஊறப்போட்டுவிட்டால் இரவில் குக்கரில் வைப்பது மட்டும்தான் வேலை. இரவில் பச்சைக்காய் வயிற்றை உப்ப வைக்கிறது என்பவர்கள் அதையே மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு ஒரே ஒரு அளவு சொல்லுங்கள், அதை வைத்துத் தொடங்குகிறேன்.

இரண்டு பேருக்கு: கால் கப் பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும். ஒரு வெள்ளரியைப் பொடியாக நறுக்கி, ஒரு கேரட்டைத் துருவி, கால் மாங்காயைச் சன்னமாக வெட்டிச் சேருங்கள். தேங்காய்த்துருவல் இரண்டு மேசைக்கரண்டி. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, ஒரு பச்சை மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் கிளறி வையுங்கள். பரிமாறும்போது உப்பும் அரை மூடி எலுமிச்சையும். மாங்காய் புளிப்பாக இருந்தால் எலுமிச்சை வேண்டாம்.

அலுவலகத்துக்குக் கொண்டு போகலாமா?

போகலாம். டப்பாவின் அடியில் கொண்டைக்கடலை, பயறு போன்ற கனமானவை, அதன்மேல் கேரட், குடைமிளகாய், மேலே வெள்ளரியும் இலையும். உப்பு, எலுமிச்சை, தயிர்க் கலவை எல்லாம் தனிச் சின்ன டப்பாவில். தக்காளியை நறுக்காமல் முழுதாக எடுத்துப்போய் அங்கே வெட்டிக்கொள்வது நல்லது. அங்கே ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் கோடையில் தயிரும் முட்டையும் சேர்க்க வேண்டாம், எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீந்துபோனால்?

உப்புப் போடாத காய் என்றால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் காலைக்குள் தீர்த்துவிடுங்கள். உப்புப் போட்டுத் தண்ணீர் விட்டது பச்சையாக நன்றாக இருக்காது. ஆனால் ரவையோ கடலைமாவோ, கொஞ்சம் அரிசிமாவோ சேர்த்துக் கரைத்து அடையாக ஊற்றலாம், அந்த நீரும் வீணாகாது. பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்திருந்தால் அடை இன்னும் மணக்கும். தயிர் கலந்தது அன்றே முடிந்துவிட வேண்டும், ராத்திரி தயிர்சாதத்தில் பிசைந்துவிடுங்கள்.